ஏப்ரலுக்குப் பொறுக்கவா, இப்போதே வாங்கவா?

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, டியூடர் பிளாக் பே 58 மணிக்கூடு வாங்கக் காசு சேர்த்துவிட்டேன். சுவிஸில் பேர்ண் நகரில் இருக்கும் மாமா ஆவணியில் ஊருக்கு வருகிறார், அவர்தான் வாங்கிக்கொண்டு வருவார். ஆனால் ஏப்ரலில் புது மொடல்கள் வரப்போகின்றன என்கிறார்கள். டியூடருக்கு இது நூறாவது வருஷமும்கூட. பொறுத்திருந்து புதியதை வாங்கவா, இருப்பதையே வாங்கச் சொல்லவா? ரோலெக்ஸில் கோக் நிற ஜிஎம்டி, அதுதான் இரண்டு நாட்டு நேரம் காட்டும் மணிக்கூடு, இந்த முறையாவது வருமா? வந்தால் வாங்கி விற்று லாபம் பார்க்கலாமா?"

அவசரமாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: ஏப்ரல் வரை பொறுங்கள். மாமா எப்படியும் ஆவணியில்தான் வருகிறார், பொறுப்பதால் ஒரு சதமும் நட்டமில்லை. ஆனால் புதிதாக என்ன வருகிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், பழையதில் எது சத்தமில்லாமல் காணாமல் போகிறது என்றும் பாருங்கள். உங்கள் காசுக்கு அந்த இரண்டாவதுதான் முக்கியம். வாங்கி விற்கும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

இனி ஆறுதலாகக் கதைப்போம்.

எங்கள் மணிக்கூடு திருத்தும் கடை திருகோணமலையில், பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். அப்பா இருந்த அதே மேசையில்தான் நானும் இருக்கிறேன். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும், அவர்கள் விற்றுவிட்டும் பரிசாகக் கொடுத்துவிட்டும் போன மணிக்கூடுகள் பல வருஷம் அப்பாவிடம் பழுதுக்கு வந்துகொண்டிருந்தனவாம். அப்புறம் மத்திய கிழக்கு நாடுகளுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். மேசை நிறைய சீக்கோ 5. இப்போது சுவிஸ், லண்டன், கனடாவிலிருந்து பெட்டியும் அட்டையுமாக வருகின்றன. கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மணிக்கூடு பழுதே இல்லை. "அண்ணை, சும்மா பார்த்துச் சொல்லுங்கோ" என்று நீட்டுவார்கள். நானும் சும்மா பார்த்துச் சொல்வேன். அரை நாள் போய்விடும்.

இந்த விசர் பிடித்தவர்களுக்கு ஏப்ரல் என்றால் ஒரு திருவிழாக் காலம். ஜெனீவா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பாலெக்ஸ்போ மண்டபத்தில் வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ் கண்காட்சி. முதல் நாள் காலையில் ரோலெக்ஸ் தன் புது வரவுகளை வெளியிடும். அங்கே காலை எட்டரை என்றால் எங்களுக்குப் பகல் பன்னிரண்டு. 2025இல் அது ஏப்ரல் முதலாந்தேதி, செவ்வாய்க்கிழமை. முட்டாள்கள் தினத்தில் வெளியிடுகிறார்கள், எதை நம்புவது என்று பகிடி விட்டுக்கொண்டு மூன்று பேர் என் கடையில் கூடியிருந்தார்கள். ஒருவர் வங்கி உத்தியோகத்தர், ஒருவர் ரியூசன் மாஸ்டர், மற்றவர் நிலாவெளியில் சுழியோடக் கற்றுக்கொடுக்கிறவர். சோற்றுப் பார்சல்கள் பிரிக்காமல் மேசையில் கிடந்தன. ஒரே ஒரு ஃபோனைச் சுற்றி மூன்று தலை. ரோலெக்ஸின் புது மொடலான லேண்ட்-டுவெல்லரின் படம் திறந்தது. உடம்போடு ஒட்டிப் பிறந்த மாதிரிச் செயின், தட்டையான ஓரங்கள், தேன்கூடு போல் கோடு போட்ட டயல். மாஸ்டர் பார்த்த பார்வையிலேயே, "இது பழைய ஓய்ஸ்டர்குவார்ட்ஸின் பேரன்" என்றார். 1977இல் வந்த அந்த பேட்டரி ரோலெக்ஸின் வெட்டு அப்படியே இருந்தது உண்மைதான். வங்கிக்காரருக்கு டயல் பிடிக்கவில்லை. சுழியோடி, "இதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க மனம் வருமா?" என்று மட்டும் கேட்டார். மூன்று பேரில் ஒருவரும் அதை வாங்கப்போவதில்லை, வாங்கவும் முடியாது. ஆனாலும் சோறு ஆறும்வரை அதைப் பற்றியே கதைத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எல்லாரும் மட்டையா பிடிக்கிறார்கள்?

கண்காட்சியைப் பற்றிக் கொஞ்சம். முன்பு எல்லாம் பாசல் நகரத்தில் நடந்தது. அதன் வேர் 1917 வரை போகிறது. 2018இல் சுவாட்ச் குழுமம், அதாவது ஒமேகா, லொன்ஜின், டிசோ எல்லாம், இனி வரமாட்டோம் என்றது. 2020 ஏப்ரலில் ரோலெக்ஸ், டியூடர், பட்டேக் பிலிப், ஷனெல், ஷொப்பார் ஐந்தும் ஒன்றாக வெளியேறின. பாசல் கதை அதோடு முடிந்தது. ஜெனீவாவில் 1991 முதல் நடந்துவந்த சிறிய கண்காட்சிதான் பெயர் மாறிப் பெரிதாகி இப்போது எல்லாரையும் இழுக்கிறது. சுவாட்ச் குழுமம் இன்னும் அங்கே போவதில்லை. ஆகவே ஏப்ரலில் ஒமேகாவைத் தேடி ஏமாறாதீர்கள். ஒமேகா தனக்கு நினைத்த நேரம் வெளியிடும்.

இந்த வருஷம், 2026இல், கண்காட்சி ஏப்ரல் 14 முதல் 20 வரை. முதல் நாள் எங்கள் சித்திரை வருஷப்பிறப்பு. மருத்துநீர் வைத்த தலையோடு ஃபோன் பார்க்கவேண்டும்.

சரி, வதந்திகளுக்கு வருவோம். 2026ஐப் பற்றி இவ்வளவு சத்தம் ஏன் என்றால் வட்ட எண்கள் வரிசையாக விழுகின்றன. ரோலெக்ஸின் தண்ணீர் புகாத ஓய்ஸ்டர் உடல் வந்தது 1926இல். டியூடர் என்ற பெயர் பதிவானதும் 1926இல். இரண்டும் ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் என்ற ஒரே மனிதரின் கைவேலை. பட்டேக் பிலிப்பின் நாட்டிலஸ் மொடல் வந்தது 1976இல். நூறு, நூறு, ஐம்பது. "கட்டாயம் ஏதாவது செய்வார்கள்" என்று ஆட்கள் அடித்துச் சொல்வதற்கு இந்த மூன்று எண்ணும் போதும்.

ஆனால் இந்த வட்ட எண் சாத்திரம் எத்தனை முறை பொய்த்திருக்கிறது என்றும் பாருங்கள். 2023 ரோலெக்ஸின் டேட்டோனா மொடலுக்கு 60 வருஷம். ரோலெக்ஸ் முழு வரிசையையும் புதுப்பித்தது, ஜூனில் லு மான் கார்ப் பந்தயத்தின் நூறாவது வருஷத்துக்கென்று தனியாக ஒரு டேட்டோனாவும் விட்டது. சாத்திரம் பலித்தது. அதே 2023 ரோலெக்ஸின் சுழியோடி மணிக்கூடான சப்மரினருக்கு 70 வருஷம், ஒன்றும் வரவில்லை. 2025இல் ஜிஎம்டிக்கு 70. உருக்கில் விழாப் பதிப்பு வரும் என்று எழுதித் தள்ளினார்கள், வரவில்லை. நாட்டிலஸுக்கு 40 ஆன 2016இல் பட்டேக் இரண்டு விழாப் பதிப்புகள் விட்டது உண்மை, ஆனால் கண்காட்சியில் விடவில்லை. ஒக்டோபர் வரை வைத்திருந்துதான் விட்டது. ஆகவே ஏப்ரலில் வரவில்லை என்று மனம் உடைபவர்கள் ஆறு மாதம் பொறுத்துத்தான் உடைய வேண்டும்.

வதந்தியை எடைபோட என்னிடம் ஒரு வழி இருக்கிறது. யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு, எங்கே தடயம் விழுந்தது என்று பார்ப்பேன். லேண்ட்-டுவெல்லர் என்ற பெயர் வணிகக் குறிப் பதிவேட்டில் முன்பே இருந்தது. வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் போட்ட ஒரு படத்தில் யாரும் பார்க்காத மணிக்கூடு அவர் கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஏப்ரல் ஒன்றில் ஆச்சரியம் மிச்சமில்லை. நடிகர் டேனியல் கிரேக் 2023 நவம்பரில் ஒமேகாவின் விழாவுக்கு வெள்ளை டயல் ஸ்பீட்மாஸ்டரோடு வந்தார். 2024 மார்ச்சில் அது கடைக்கு வந்தது. பட்டேக்கின் சதுரக் கியூபிடஸ் 2024 ஒக்டோபரில் வெளியாகுமுன்பே பார்ச்சூன் இதழின் விளம்பரம் ஒன்றில் மாட்டிக்கொண்டது. இதெல்லாம் தடயம். பெயர் இல்லாத ஒருவர் கணினியில் வரைந்து போட்ட படம் தடயம் இல்லை, ஆசை. வரைந்த படங்கள் அசலைவிட வடிவாக இருப்பதுதான் பெரிய தொல்லை, உண்மையானது வந்ததும் "இவ்வளவுதானா?" என்றாகிவிடுகிறது.

கோக் என்பது சிவப்பும் கறுப்பும் பாதிப் பாதியாக வரும் பெசல், அதாவது டயலைச் சுற்றியுள்ள வளையம். ரோலெக்ஸில் 1980களில் வந்தது, 2007ஐ ஒட்டி நின்றது. பெசலை அலுமினியத்திலிருந்து செராமிக்குக்கு மாற்றிய பிறகு சிவப்பு பிடிபடுவதே பெரும்பாடாக இருந்தது. சிவப்பு-நீலப் பெப்சியை செராமிக்கில் முதலில் பார்த்தது 2014இல், அதுவும் வெள்ளைத் தங்கத்தில். உருக்கில் வர 2018 ஆனது. அதனால்தான் ஒவ்வொரு மார்ச் மாதமும் "இந்த முறை கோக்" என்ற கதை எழும்புகிறது. வருமா என்று சத்தியம் பண்ண அந்தத் தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே ஆள் கிடையாது. ஆனால் தம்பி, நீங்கள் கேட்கிற அந்த நிறத்தை உங்கள் டியூடரே 2024இல் கொடுத்துவிட்டது. பிளாக் பே 58 ஜிஎம்டியை எடுத்துப் பாருங்கள். கறுப்பும் கடும் சிவப்பும், 39 மி.மீ., பெசல் பழைய காலத்து அலுமினியம். ரோலெக்ஸின் கோக்குக்காகப் பல வருஷமாக ஏங்கும் பலர் அதை ஒருமுறை கையில் கட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது, வெளியான மணிக்கூடு கைக்கு வருவது. இங்கேதான் ஊரில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அறிவிக்கிற நாள் வேறு, கண்ணாடிப் பெட்டிக்கு வருகிற நாள் வேறு, உங்கள் கைக்கு வருகிற நாள் அதற்கும் வேறு. ரோலெக்ஸ் கடையில் "லிஸ்டில் பெயர் இருக்கு" என்றால் பஸ் நிலையத்து வரிசை மாதிரி முன்னால் நின்றவருக்கு முதலில் என்று அர்த்தமில்லை. அது கடைக்காரரின் கொப்பி. யாருக்குக் கொடுப்பது என்று அவர்தான் முடிவு செய்வார். பல வருஷம் வாங்கிய வாடிக்கையாளர் முன்னால், பேர்ணிலிருந்து முதல்முறையாகக் கேட்கும் மாமா பின்னால். டியூடர் இதில் எவ்வளவோ பரவாயில்லை. சாதாரண மொடல்களைக் கடையில் போய்ப் பார்த்து, கட்டிப் பார்த்து, அன்றே வாங்கிக்கொண்டு வரலாம். நீங்கள் டியூடரைத் தெரிந்தெடுத்ததில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

லாபக் கணக்கு கேட்டீர்கள். 2022 மார்ச் 26, ஒமேகாவும் சுவாட்ச்சும் சேர்ந்து விட்ட மூன்சுவாட்ச் ஞாபகம் இருக்கும். பதினொரு நிறம், 250 சுவிஸ் பிராங். கடை வாசல்களில் இரவிரவாக நின்றார்கள், சில இடங்களில் பொலிஸ் வரவேண்டியதாயிற்று. அன்று பின்னேரமே இணையத்தில் பல மடங்கு விலை. இது குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு இல்லை, தொடர்ந்து வரும் என்று நிறுவனம் முதலிலேயே சொல்லியிருந்தது. யார் காதில் வாங்கினார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் லண்டனில் இருக்கும் அக்காவைக் கொண்டு இரண்டாம் கையில் ஒன்றை நாலு மடங்குக்கு எடுப்பித்தான். அது இங்கே வந்து சேர்ந்தபோது விலை பாதியாகிவிட்டது. பிறகு கடையிலேயே சாதாரணமாகக் கிடைத்தது. இன்றைக்கும் கட்டுகிறான். விலையைக் கேட்டால் பேச்சை மாற்றுவான்.

பெரிய மணிக்கூடுகளும் அதே கதைதான். பாவித்த ரோலெக்ஸ், பட்டேக் விலைகள் 2022இன் முற்பகுதியில் உச்சிக்குப் போய், பிறகு இரண்டு வருஷம் இறங்கிக்கொண்டே வந்தன. அந்த 2022இலேயே எங்கள் ரூபா டொலருக்கு 200 என்ற இடத்திலிருந்து 360க்கு விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு "என் மணிக்கூடு விலை ஏறிவிட்டது" என்று சந்தோஷப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ரூபா இறங்கியதை மணிக்கூடு ஏறியதாக எண்ணிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது முதலில் சொன்ன விஷயம்: போவதைப் பார்ப்பது. ரோலெக்ஸ் ஒரு மொடலை நிறுத்தினால் பறை அடித்துச் சொல்லாது. வெளியீட்டு நாளன்று அதன் இணையப் பக்கத்தில் அந்த மொடல் இருக்காது, அவ்வளவுதான். 2023இல் மில்காஸ் என்ற மொடல் அப்படித்தான் போனது. பச்சை டயல், பச்சைப் பெசலோடு "ஹல்க்" என்று பெயரெடுத்த சப்மரினர் 2020 செப்டம்பரில் புதிய 41 மி.மீ. வரிசை வந்த அன்று மறைந்தது. பச்சைப் பெசல் மட்டும் மிஞ்சி, டயல் கறுப்பானது. போனது தெரிந்ததும் ஹல்க்கின் விலை எழும்பியது. பட்டேக் 2021 ஜனவரியில் நாட்டிலஸ் 5711ஐ நிறுத்துவதாக ஒப்புக்கொண்டது. கடைசியாக டிஃபனி நீலத்தில் 170 மட்டும் செய்து, அதில் ஒன்று அந்த டிசம்பரில் ஏலத்தில் 65 இலட்சம் டொலருக்குப் போனது. நன்கொடைக்கான ஏலம்தான், இருந்தாலும் எண்ணைப் பாருங்கள்.

இதையெல்லாம் விலை ஏறும் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் விஷயத்துக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிளாக் பே 58 வந்தது 2018இல். கறுப்பு டயல், பொன் நிற எழுத்து. உள்ளே எம்டி5402 என்ற மெஷின், சாவி கொடுத்தால் 70 மணி நேரம் ஓடும், கோஸ்க் என்ற நேரத் துல்லியச் சான்று. 2025இல் அதே 58 கடும் சிவப்பில் வந்தபோது மெஷின் மாறி, அதைவிடக் கடுமையான மெட்டாஸ் சான்றோடு வந்தது. ஜிஎம்டிக்கும் அதே சான்று. அடுத்தது கறுப்பின் முறை என்று எதிர்பார்ப்பது வெறும் ஆசை இல்லை, நிறுவனம் நடந்து போகிற பாதை அது. ஏப்ரலில் அப்படி வந்தால் உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கும்: கொஞ்சம் கூடக் கொடுத்துப் புதியது, அல்லது கடைகளில் மிச்சம் கிடக்கும் பழையது. பழையதைக் கொஞ்சம் பேரம் பேசியும் எடுக்கலாம். இப்போதே வாங்கிவிட்டால் இந்தத் தெரிவு கையில் இல்லை.

அந்தச் சான்றுகளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை. கோஸ்க் சோதிப்பது உடலுக்குள் போடாத வெறும் மெஷினை. ஒரு நாளில் 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம். மெட்டாஸ் முழு மணிக்கூட்டையும் சோதிக்கும். பிந்தவே கூடாது, 5 வினாடி வரை முந்தலாம், 15,000 காஸ் காந்தத்திலும் ஓடவேண்டும். இரண்டு வினாடியை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் காந்தம் வேறு விஷயம். "அண்ணை, திடீரென்று பத்து நிமிஷம் வேகமா ஓடுது" என்று என்னிடம் வருகிற மணிக்கூடுகளில் பெரும்பாலானவைக்கு நோய் காந்தம்தான். டேப்லெட் மூடியில் காந்தம், கைப்பை பூட்டில் காந்தம், ஸ்பீக்கரில் காந்தம். முடியைவிட மெல்லிய சுருள் ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மணிக்கூடு பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும். என்னிடம் உள்ள சிறு கருவியில் வைத்து எடுத்தால் அரை நிமிஷத்தில் குணம். டியூடரின் எம்டி5402இலும் அந்தச் சுருள் காந்தம் தொடாத சிலிக்கான்தான், ஆனால் மெட்டாஸ் சான்று என்றால் முழு மணிக்கூடுமே காந்தத்தைத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்தது. மேலதிகக் காசு கொடுக்கலாம் என்றால் இதற்குக் கொடுக்கலாம், டயல் நிறத்துக்கு அல்ல.

ஏப்ரலில் வருகிற "புதியவை"களில் பெரும்பாலானவை டயல் நிறம்தான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். உண்மையான புதுமை எப்போதாவதுதான். லேண்ட்-டுவெல்லர் அப்படி ஒன்று. வழக்கமான சுவிஸ் மெஷினில் ஒரு நெம்பு இரண்டு சிவப்புக் கற்களால் பற்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும். கல் பல்லின் மேல் சறுக்கும், சறுக்குகிற இடத்தில் எண்ணெய் வேண்டும், எண்ணெய் காய்ந்தால் என்னிடம் வரவேண்டும். லேண்ட்-டுவெல்லரில் அந்த நெம்புக்குப் பதிலாக வந்த டைனபல்ஸ் என்ற அமைப்பில் இரண்டு சிலிக்கான் சக்கரங்கள் பல்லோடு பல் உருண்டு சக்தியைக் கடத்துகின்றன. சறுக்கல் குறைவு, விரயம் குறைவு. மணிக்கு 36,000 துடிப்பு; மற்ற ரோலெக்ஸ்களில் 28,800. படத்தில் டயலைத் திட்டிய வங்கிக்காரரிடம் இதை ஒரு கடதாசியில் வரைந்து காட்டினேன். "அப்ப டயலை மாத்திப்போட்டுத் தரச் சொல்லுங்கோ" என்றார்.

ஆனால் புது மெஷினின் முதல் வருஷத்தில் வாங்குவது பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. டியூடர் 2018இல் விட்ட முதல் பிளாக் பே ஜிஎம்டியில் தேதிச் சக்கரம் சரியாக மாறாத பழுது சிலவற்றில் வந்து, பிறகு திருத்தினார்கள். பேர்ணில் இருப்பவர் கடையில் கொடுத்துவிட்டு மூன்று கிழமையில் எடுத்துக்கொள்வார். திருகோணமலையில் இருப்பவர்? உத்தரவாதக் காலத்தில் நான் பின்மூடியைத் திறக்கக் கூடாது, திறக்கவும் மாட்டேன். புது மெஷினுக்கு உதிரிப்பாகம் என்னைப் போன்ற தனிக் கடைக்கு வராது. யாராவது வெளிநாடு போகும்வரை அது அலுமாரிக்குள்தான் தூங்கும். சீக்கோவின் 7எஸ்26 மெஷின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்து தந்துவிடுவேன்.

அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய ஒரு தலையிடி: உப்பு. போன வருஷம் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் அந்த நிலாவெளிச் சுழியோடி தன் மணிக்கூட்டைக் கொண்டுவந்தார். 200 மீட்டர் வரை தாங்கும் நல்ல சாமான், வாங்கி நாலு வருஷம். கண்ணாடிக்குள் காலையில் பனி மாதிரி பிடிக்கிறது, வெயில் ஏறினால் போய்விடுகிறது என்றார். கிரவுனை, அதாவது பக்கத்தில் சாவி கொடுக்கும் குமிழை, திருகிக் கழற்றினேன். புரிக்குள் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. லென்ஸில் பார்த்தால் உப்பளத்து வரம்பு மாதிரி. பின்மூடி சாவிக்கு அசையவில்லை, துளி எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்துத்தான் கழன்றது. ரப்பர் வளையம் நாடா மாதிரித் தட்டையாகி, கிரவுன் பக்கம் ஒரு இடத்தில் வெடித்திருந்தது. சாவித் தண்டில் துரு. மெஷினுக்குள் இன்னும் போகவில்லை, தப்பியது. "ஒவ்வொரு நாளும் கழுவுறனான்" என்றார். எங்கே என்று விசாரித்ததில், கடலில் இருந்து வந்து, கிரவுனைத் திறந்து நேரம் சரிபார்த்துவிட்டு, பிறகு கழுவியிருக்கிறார். உப்புத் தண்ணீருக்கு அவரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஆகவே: கடலில் இறங்கினால் கிரவுனைத் தொடாமல் நல்ல தண்ணீரில் பெசலைச் சுற்றிச் சுற்றிக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே கிரவுன். கன்னியாவில் வெந்நீர் குளிக்கப் போகும்போது கழற்றி வையுங்கள். சுடுதண்ணீரும் உடனே குளிர்தண்ணீரும் ரப்பருக்கு ஆகாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை. எந்த ஏப்ரலில் வந்த மொடல் என்று உப்பு பார்ப்பதில்லை.

சப்மரினரும் பிளாங்பெயின் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் 1953இல் பிறந்தவை. அதற்கு மூன்று வருஷத்தில், 1956இல், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் எங்கள் சுவாமிமலைக் குன்றுக்குக் கீழே கடலில் சுழியோடிப் பழைய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். சுழியோடி மணிக்கூடு என்ற சாமான் புதுசாக இருந்த நாளிலேயே எங்கள் கடலில் அதற்கு வேலை இருந்திருக்கிறது. இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமாவுக்குச் சொல்லவேண்டியவை. சுவிஸில் விலைக்குள்ளேயே 8.1 சதவீத வரி இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கிறவர் வாங்கிக்கொண்டு போனால் அதைத் திருப்பி எடுக்கலாம். மாமா அங்கேயே வசிப்பவர், அவருக்குக் கிடைக்காது. "கழித்துத் தருவான்" என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். உத்தரவாத அட்டையில் தேதி போட்டுத் தருவார்கள், ஐந்து வருஷம் அன்றிலிருந்து ஓடும். ஆகவே ஏப்ரலில் வாங்கி ஆவணி வரை பெட்டியில் வைப்பதைவிட, வருவதற்கு முந்தின கிழமை வாங்குவது நல்லது. பில், அட்டை, செயினில் கழற்றிய துண்டுகள் மூன்றும் கட்டாயம் வரவேண்டும். மற்றவர்கள் சொல்வதுபோல் கையில் கட்டிக்கொண்டு சுங்கத்தைத் தாண்டுகிற யோசனையும் வேண்டாம். பில்லைக் காட்டி, கேட்கிற தீர்வையைக் கட்டிவிட்டால் பிறகு விற்கும்போதும் காப்புறுதி எடுக்கும்போதும் அந்தக் கடதாசி பேசும்.

58ஆ, இன்னும் சிறிய 54ஆ என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். 58 விட்டம் 39 மி.மீ., 54 விட்டம் 37. படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு கட்டி அட்டையில் இரண்டு வட்டம் வெட்டுங்கள். மேலேயும் கீழேயும் செயின் பிடிக்கிற காதுகளையும் சேர்த்து வெட்டவேண்டும், 58க்கு முழு நீளம் ஏறக்குறைய 48 மி.மீ., 54க்கு 46. மணிக்கட்டில் வைத்துக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். அட்டையின் காது மணிக்கட்டுக்கு வெளியே நீட்டினால் அது உங்களுக்குப் பெரிது, டயல் எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வருஷப்பிறப்பன்று வாருங்கள். கடை பூட்டு, வீட்டுக்கு வாருங்கள். கைவிசேஷம் வாங்கிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்தால் மற்ற மூன்று பேரும் இருப்பார்கள். ஃபோனில் டேட்டா போட்டுக்கொண்டு வரவும், போன முறை என்னுடையது நடுவில் முடிந்துவிட்டது.